பென்சில் அண்ணனின் ஐந்தாவது கட்டம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பாசனச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் தலைமையாசிரியை அவர்களே, நீர்ப்பணித் துறையின் இன்றைய பொறியாளர் அவர்களே, நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, படகைக் கட்டிவிட்டு வந்திருக்கும் படகோட்டிகளே, மீனவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் அன்பு மகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் கூட்டுறவுச் சங்கத்தின் எடைக்கூடம் இது. நெல் மூட்டைகளை நிறுக்கும் தராசின் மேல் வெள்ளைத் துணி விரித்து அண்ணனின் படத்தை வைத்திருக்கிறீர்கள். யார் செய்த ஏற்பாடு என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொருத்தமான இடம். வாழ்நாள் முழுவதும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன மனிதரை வேறு எங்கே வைப்பது?

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைக் கடல் என்றார்கள், மலை என்றார்கள். ஒருவர் இமயம் அளவுக்குப் போய்விட்டுத்தான் இறங்கி வந்தார். பாராட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் இந்தக் கூடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்: "பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

இந்த ஊரில் அந்தக் கேள்வியில் மாட்டாதவர் யார்? ஆள் உயரத்துக்கு மீன் பிடித்ததாகச் சொன்ன மீனவர் மாட்டினார். பாம்பு தன்னை வயல் வரப்பு முழுக்கத் துரத்தியதாகச் சொன்ன தபால்காரர் மாட்டினார். பொறியாளராக இருந்த நானும் மாட்டினேன். அதனால் இன்று அவர் சட்டப்படியே பேசுகிறேன். நான் கண்ணால் பார்த்ததை மை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறர் சொல்லிக் கேட்டதைப் பென்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நான் தவறினால் அண்ணி கையை உயர்த்தலாம்.

யார் இந்தப் பென்சில் அண்ணன்? நீர்ப்பணித் துறையில் நீர்மட்ட அளவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அதே பதவி. தினமும் காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரையில் நாற்பத்திரண்டு படிகள் இறங்குவார். தண்ணீருக்குள் நிற்கும் அளவுத்தூணைக் குனிந்து பார்ப்பார். மேலே வந்து எண்ணைத் தொலைபேசியில் அலுவலகத்துக்குச் சொல்வார். பிறகு பதிவேட்டைத் திறப்பார். அதில் ஐந்து கட்டங்கள். தேதி, நேரம், நீர்மட்டம், வானிலை. ஐந்தாவது கட்டம், குறிப்பு.

மற்ற ஆறுகளின் அளவர்கள் அந்த ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஒன்றுமில்லை." அடுத்த நாள் "ஒன்றுமில்லை". அதற்கடுத்த வரிகளில் மேற்படி என்பதற்கான இரண்டு சின்னக் கோடுகள். வருடக்கணக்கில் கோடுகள். நான் பார்த்திருக்கிறேன், இது மை.

நம் அண்ணனின் ஐந்தாவது கட்டத்தில் இடம் போதவில்லை. எழுத்து அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. மேட்டு மரத்தில் நாரை முதல் கூடு கட்டிய நாள் அதில் இருக்கிறது. தாழ்வு வயல்காரர்கள் கரையை வெட்டி ஆற்று வண்டலை வயலுக்குள் விட்ட நாள் இருக்கிறது. வெள்ளம் ஏற ஏறத் தாளும் நீண்டு, தலையை நீருக்கு மேலே வைத்துக்கொள்ளும் நம் நெட்டை நெல் எந்த வாரம் எத்தனை முழம் வளர்ந்தது என்று இருக்கிறது. பழைய தானியக் கிடங்கின் சுவரில் நம் முன்னோர் வெள்ளம் தொட்ட உயரங்களைக் கோடு கீறி வைத்தார்களே, சுண்ணாம்பு அடிக்க வந்தவர் அவற்றை மறைக்கும் முன்னே, அத்தனை கோடுகளையும் அளந்து எழுதிவைத்தது யார்? அந்தப் பதிவேடு. அந்த ஐந்தாவது கட்டம். அந்த மனிதர்.

அதில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். தானே கண்டதை நீல மையில் எழுதுவார். மற்றவர் சொன்னதைப் பென்சிலில் எழுதி, யார் சொன்னது என்றும் போடுவார். தானே பார்த்துவிட்டு வந்த அன்று பென்சில் வரிக்குக் கீழே மையில் இன்னொரு வரி. சட்டைப் பையில் பேனா ஒன்றுதான் இருக்கும், பென்சில் மூன்று. நம் ஊர்க்காரர்கள் பேச்சில் மூன்றுக்கு ஒன்றுதான் தேறும் என்று அவர் கணித்திருந்தார் போலும். பெயர் வந்த கதை இதுதான்.

ஒருமுறை படகோட்டிகள் பாட்டில் புதிதாக ஓர் அடி சேர்த்திருந்தார்கள். கழி ஊன்றும்போது பாடுவார்களே, அந்தப் பாட்டு. அதை அப்படியே பதிவேட்டில் மையில் எழுதியிருந்தார். பிடித்தேன் பார் என்று நான் பாய்ந்தேன். "அண்ணே, இது கேட்டதுதானே? பென்சில் எங்கே?" என்றேன்.

அவர் அசரவில்லை. "பாட்டை வேற எப்படி சார் பார்க்கிறது? என் காதால நானே கேட்டேன். யாராவது வந்து இப்படிப் பாடினாங்கன்னு சொல்லியிருந்தா பென்சில்" என்றார். அதற்குப் பிறகு நான் பாயவில்லை.

நான் முதலில் இந்த மனிதரை எப்படி நடத்தினேன்? சொல்லவேண்டும். வேலையில் சேர்ந்த புதிது. கையெழுத்துப் போடும் அதிகாரம் கைக்கு வந்த புதிது. பதிவேட்டைப் பார்த்தேன், பறவையும் ஆமையும் நெல்லும் பாட்டும் கண்டேன். கோபம் வந்தது. "பறவைகளைப் பற்றி எழுத அரசாங்கம் மை வழங்கவில்லை, விளக்கம் தரவும்" என்று ஒரு குறிப்பாணை அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி. "ஐயா, மை என்னுடையது." பதில் எழுதியிருந்த மையும் அதே நீலம். அந்தக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

அந்தப் பறவை மை இந்த மாவட்டத்துக்கு என்ன செய்தது? பாசனச் சங்கத் தலைவருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டு தொடர்ந்து நெட்டை நெல் மூழ்கி அழுகியது. விதை கெட்டுவிட்டது, இனி அந்த நெல்லே வேண்டாம் என்ற பேச்சு வந்தது. அப்போது அண்ணன் இருபது பதிவேடுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இதே எடைக்கூடத்துக்கு வந்தார். இதோ இந்தத் தூணருகே உட்கார்ந்து, ஒவ்வொரு ஆண்டும் முதல் வெள்ளம் வந்த நாளைப் படித்தார். வெள்ளம் ஒன்பது நாள் முந்தி வரத் தொடங்கியிருந்தது. விதையில் பழுதில்லை, நாம்தான் பழைய நாளிலேயே விதைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த பருவத்தில் நீங்கள் ஒன்பது நாள் முந்தி விதைத்தீர்கள். நெல் தலைநிமிர்ந்து நின்றது. அந்த நெல் இன்றும் இந்த மாவட்டத்தில் விளைகிறதென்றால் அதற்கு யாரைப் பெருமையோடு நினைக்கவேண்டும்? நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இனி அவர் செய்த ஒரு தவறைச் சொல்லப்போகிறேன். இரங்கல் கூட்டத்தில் யாராவது தவறைச் சொல்வார்களா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அவரை நான் மிகவும் மதிக்கத் தொடங்கியது அந்தத் தவறுக்குப் பிறகுதான்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வறட்சி. ஆறே ஓடையாகிவிட்டது. ஊருக்குப் பின்னால் போகும் பழைய கிளை வாய்க்காலில் அங்கங்கே குட்டைகள்தான் மிச்சம். எப்போதும் அங்கே நீர்நாய்களைப் பார்த்து எழுதிவந்த அண்ணன், அந்த ஆண்டு நான்கு மாதம் தேடினார். ஒன்றுகூட கண்ணில் படவில்லை. மனம் நொந்து, பதிவேட்டில் எழுதினார்: "கிளை வாய்க்காலில் நீர்நாய் இல்லை." மையில் எழுதினார்.

இரண்டு ஆண்டு கழித்து, அந்தக் கிளை வாய்க்காலின் இரு கரைக்கும் அடிக்கும் சிமெண்டு பூசும் திட்டம் வந்தது. பூசினால் என்ன ஆகும்? வண்டல் வயலுக்கு ஏறாது. நெட்டை நெல்லுக்குச் சாப்பாடே அந்த வண்டல்தான். கரை மரங்கள் போகும், நாரைகள் போகும். ஆனால் திட்ட அறிக்கைக்கு அந்தக் கவலை இல்லை. வாய்க்காலில் நீர்நாய் இருந்தால் வனத்துறையின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். அறிக்கை எழுதியவர், "எமது துறையின் பதிவேட்டின்படியே நீர்நாய் இல்லை" என்று அண்ணனின் வரியை எடுத்துப் போட்டார். அறிக்கை எழுதியவர் யார்? நான்தான். இது மை. அழியாத மை.

அறிக்கை வெளியான அன்று காலை அண்ணன் என் அறைக்கு வந்தார். கால்சட்டை முழங்கால் வரை மடித்திருந்தது. கால் முழுக்கச் சேறு. பெருக்கிய தரை வீணாகிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"சார், அந்த வரி தப்பு."

"நீங்க எழுதினதுதானே அண்ணே? மையில எழுதியிருக்கீங்க."

"அதான் சார் தப்பு. இல்லைங்கிறதை யாரு சார் கண்ணால பார்க்க முடியும்? நான் பார்க்கலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பார்க்கலைன்னு எழுதியிருக்கணும்."

"இப்ப என்ன பண்றது? அறிக்கை போயாச்சு."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

கருத்துக் கேட்புக் கூட்டம் இந்தக் கூடத்தில்தான் நடந்தது. பெரிய அதிகாரி நடுவில் அமர்ந்திருந்தார். ஒரு கடைநிலை ஊழியர் எழுந்து, தன் துறை கொண்டுவந்த திட்டத்துக்கு எதிராக, தன் கையெழுத்துக்கே எதிராகப் பேசினார். "அந்த வரியை எழுதினது நான். பொய் எழுதலை, ஆனா தப்பா எழுதிட்டேன்" என்றார். அதிகாரி கேட்டார்: "அப்படின்னா நீர்நாய் இருக்குன்னு சொல்றீங்களா?" இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திட்டம் நின்றுவிடும். அந்த வரியை எழுதிய பிறகு எதிர்க்கரையில் கால்தடம் கண்டிருக்கிறார், செதில் கலந்த எச்சம் கண்டிருக்கிறார். சொல்லலாமே?

"அதையும் நான் இன்னும் பார்க்கலை சார்" என்றார்.

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த அதிகாரி சிரிக்கவில்லை. இப்படி ஓர் ஆளின் பேச்சைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. நேரில் பார்த்த சாட்சியோ முறையான ஆய்வோ வரும்வரை திட்டத்தை நிறுத்திவைத்தார். ஆய்வு வரவே இல்லை. பதினைந்து ஆண்டாகக் கோப்பு உறங்கியது, வாய்க்கால் ஓடியது, வண்டல் ஏறியது, நீங்கள் விளைவித்தீர்கள்.

அண்ணனுக்கு என்ன கிடைத்தது? மேற்பார்வையாளர் பதவிக்கான பட்டியலில் அதுவரை முதல் பெயர் அவருடையது. அடுத்த பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அளவராகச் சேர்ந்தார், அளவராகவே ஓய்வு பெற்றார். நான் அன்று அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அவர் அதை ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் என்னை வாழ்த்திக்கூடப் பேசினார். "சார் முப்பது வருஷம் ஒழுங்கா ஆபீசுக்கு வந்தார். நான் பார்த்தேன்." அவ்வளவுதான் வாழ்த்துரை. எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

இப்போது அண்ணியின் பக்கம் வருகிறேன். அவர்கள் வீட்டுப் பின்புறம் கிளை வாய்க்காலில் ஒரு படித்துறை உண்டு. அண்ணி துணி துவைக்கும் இடம். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காலை, அண்ணி அங்கே இரண்டு நீர்நாய்களைப் பார்த்தார். ஈரக் கையோடு ஓடிவந்து சொன்னார். அண்ணன் ஓடினார். அதற்குள் அவை போய்விட்டன. அண்ணன் என்ன செய்தார்? ஏழாண்டாகத் தேடிய உயிர், பதவியையே பறித்த உயிர், பார்த்தவர் சொந்த மனைவி. பென்சிலை எடுத்தார். "நீர்நாய் இரண்டு. வீட்டில் சொன்னது" என்று எழுதினார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் விவரம் தெரியாமல் தேநீர் குடிக்கப் போய் நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"இருபத்தெட்டு வருஷமா நான் ஆக்கிப் போடுறதை ருசி பார்க்காம சாப்பிடுறார். என் கண்ணை மட்டும் நம்பமாட்டாராம். நீங்களே கேளுங்க" என்றார் அண்ணி.

"நம்பறேன். ஆனா நான் பார்க்கலையே" என்றார் அண்ணன்.

"நீங்க பார்க்கலைன்னா என்ன? நான் பார்த்தேன்ல? பேனாவை என்கிட்ட குடுங்க, நான் எழுதறேன்."

அண்ணன் சிரித்து மழுப்பிவிட்டார். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதன் பிறகு அண்ணி ஏழு முறை பார்த்திருக்கிறார். ஏழும் பென்சில்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் துறை ஆற்றில் ஒரு கருவியைப் பொருத்தியது. அது நீர்மட்டத்தையும் வானிலையையும் தானே அனுப்பிவிடும். நல்ல கருவிதான், குறை சொல்லமாட்டேன். அதற்கு முதல் நான்கு கட்டம் தெரியும், ஐந்தாவது தெரியாது. அண்ணன் சொந்தமாக நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு எழுதினார். ஆறு ஆண்டு, ஆறு நோட்டு.

கடைசியாக மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். ஜன்னல் ஓரக் கட்டில். காய்ச்சல் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார் என்றேன். "நீங்க பார்த்தீங்களா?" என்றார். செவிலியரான மகள் தலையில் அடித்துக்கொண்டு அவர் நெற்றியில் கை வைத்தாள். பிறகு சொன்னார், இதை நான் என் காதால் கேட்டேன், ஆகவே மை:

"சார், நான் ரெண்டாவதும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். பார்த்தவங்க எழுதணும்னு சட்டம் வெச்சேன். ஆனா பேனாவை நானே வெச்சுக்கிட்டேன். மீன்காரர், படகுக்காரர், வயல்காரர், வீட்டுல அவ, எல்லாரும் பார்த்தவங்கதான். எல்லாரையும் சொன்னவங்களாவே ஆக்கிட்டேன். பேனாவை அவகிட்ட குடுத்துடுங்க."

நண்பர்களே, அறுபத்து நான்கு வயதில், அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு, தன் நாற்பது ஆண்டுச் சட்டத்தைத் திருத்திக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? நான் பார்த்தது ஒருவரை.

எல்லாம் முடிந்த மறுநாள் பேனாவை அண்ணியிடம் கொண்டுபோனேன். அந்த எட்டுப் பென்சில் வரிகளின் மேல் மை ஏற்றிவிடலாம், அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது, சிமெண்டுத் திட்டக் கோப்பைத் தூசி தட்டிவிட்டார்கள், சாட்சி வேண்டும் என்று அவசரப்படுத்தினேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பழைய குறிப்பாணைக்கு வந்த பதில் மாதிரியே இருந்தது. "என்னைக்கோ பார்த்ததுக்கு இன்னைக்கு மை போடமாட்டேன். அவர் சட்டம் எனக்கும் தெரியும். பேனாவை வெச்சுட்டுப் போங்க. பார்த்தா எழுதறேன்."

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு அண்ணி அந்தப் படித்துறையில் இருக்கிறார். நோட்டு என்னிடம் காட்டப்பட்டது. முதல் நாள்: "நீர்நாய் பார்க்கவில்லை." இரண்டாம் நாள்: "பார்க்கவில்லை." மேற்படிக் கோடு கிடையாது; ஒவ்வொரு நாளும் முழுதாக எழுதியிருக்கிறார். பதினொரு நாள், பதினொரு "பார்க்கவில்லை". ஒரு நாளாவது "இல்லை" என்று எழுதினாரா? எழுதவில்லை. கணவர் பதவியைக் கொடுத்துக் கற்ற பாடத்தை அவர் ஒரு சொல்கூடச் சிந்தாமல் வைத்திருக்கிறார்.

பொறியாளர் அவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மாதம் இதே கூடத்தில் ஆய்வுக்குழு அமரும்போது அண்ணி சாட்சி சொல்வார். நாற்பது பதிவேடுகளையும் நான் சுமந்து வருவேன். இந்தமுறை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டேன். குடும்பத்தார் சாட்சியை எப்படி நம்புவது என்று யாராவது கேட்டால், அந்தப் பதினொரு வரிகளை முதலில் படிப்பேன். பார்க்காத நாளில் பார்க்கவில்லை என்று எழுதத் தெரிந்த கையை, பார்த்த நாளில் நம்பாமல் என்ன செய்வீர்கள்?

படகோட்டிகளே, மீனவர்களே, உழவர்களே, வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். நாற்பது பேனாக்கள், நாற்பது நோட்டுகள். எல்லாவற்றிலும் ஐந்து கட்டம் போட்டிருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். மீனின் நீளத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள்.

பென்சில் அண்ணே, உங்களுக்கு மலர் வைத்தோம், எழுந்து நின்றோம். நீங்கள் அதையெல்லாம் வெறும் வானிலை என்று நான்காவது கட்டத்தில் தள்ளிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கான செய்தி ஐந்தாவது கட்டத்தில் இருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். இந்தக் கூடத்துக்குள் நுழையும்போது அண்ணி நோட்டைத் திறந்து எனக்குக் காட்டினார். படிக்கச் சம்மதம் தந்திருக்கிறார்.

"காலை ஆறு இருபது. நீர்நாய் ஒன்று. எதிர்க்கரை, சாய்ந்த மரத்தடி. வாயில் மீன். நான் பார்த்தேன்."

நீல மை, அண்ணே. உங்கள் பேனா.

நான் பார்க்கவில்லை. அதனால் என் வாயிலிருந்து வருவது இந்தச் சபைக்கு இன்னும் பென்சில்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு நானும் அந்தப் படித்துறையில் இருப்பேன்.